பெங்களூரு ஏரிக்கரை: 30 மீட்டருக்கும் 75 மீட்டருக்கும் நடுவே

2016 மே 4ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அளித்த ஒரு தீர்ப்பு பெங்களூரின் கட்டுமானத் தொழிலை உலுக்கிவிட்டது. ஏரியின் விளிம்பிலிருந்து 75 மீட்டர் வரை எதுவும் கட்டக் கூடாது என்றது அது. ஒரு ஏரியின் நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்லும் ராஜகாலுவைகளுக்கும் தனித்தனி இடைவெளி வகுத்தது. முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 35, மூன்றாம் நிலைக்கு 25. அதுவரை நகரின் மாஸ்டர் பிளான் ஏரிக்குக் கேட்டது 30 மீட்டர்தான். ஒரே நாளில் அது இரண்டரை மடங்காகிவிட்டது.

மூன்று ஆண்டுகள்கூட அந்த 75 நிற்கவில்லை. 2019 மார்ச் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பழைய 30 திரும்ப வந்தது. 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதா இன்னொரு வழியில் போனது. ஏரியின் பரப்பைப் பார்த்து இடைவெளியை நிர்ணயிக்கலாம் என்றது. 100 ஏக்கரைத் தாண்டிய ஏரிக்கு 30 மீட்டர், ஒரு ஏக்கருக்குள் அடங்கும் குட்டைக்கு 3 மீட்டர்.

பத்தாண்டுக்குள் ஓர் எண் இப்படி ஏறி இறங்கியதை நகரமே பார்த்தது. எத்தனை மீட்டர் என்று எல்லோரும் வாதாடினார்கள். அந்த மீட்டரை எங்கிருந்து அளப்பது, எந்தக் கோட்டில் ஏரி முடிகிறது என்ற கேள்வி அந்த இரைச்சலில் ஓரமாகவே கிடந்தது. பெங்களூரு ஏரிகளின் கதை முழுவதும் உண்மையில் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பெங்களூருக்கு என்று சொல்லிக்கொள்ளப் பேராறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது நகரம். பெய்த மழை நிற்காமல் மூன்று பள்ளத்தாக்குகள் வழியே இறங்கிவிடும். மேற்கே விருஷபாவதி பள்ளத்தாக்கின் நீர் அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் சேரும். ஹெப்பாள் பள்ளத்தாக்கும், கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கும் கிழக்கே தட்சிண பினாகினிக்கு, அதாவது நம் தென்பெண்ணைக்கு நீர் அனுப்புகின்றன. ஓடுகிற நீரை மறிக்காவிட்டால் பயிரும் இல்லை, குடியும் இல்லை. ஆகவே சரிவின் குறுக்கே கரை போட்டு, நிரம்பி வழிந்ததைக் கீழே இன்னொரு கரையில் பிடித்து, அதன் வழிசலை அதற்கும் கீழே ஒன்றில் பிடித்து, சங்கிலித் தொடராக ஏரிகளை வெட்டிக்கொண்டே போனார்கள்.

கெம்பேகவுடா 1537இல் நகரத்துக்குக் கோட்டை கட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகரா கல்வெட்டு, இரண்டு ஏரிகளுக்கு மதகு வைத்து மூன்றாவதாக ஒன்றைக் கட்டியவரின் செயலைப் பதிவு செய்திருக்கிறது. காடுகோடியில் 1043ஆம் ஆண்டுச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று பட்டந்தூர் ஏரி கட்டப்பட்டதையும், அதற்கு மதகு அமைத்ததையும், துர்க்கை, கணபதி முதலான தெய்வங்களை நிறுவியதையும் சொல்கிறது. தோம்லூர் சொக்கநாதர் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஏரிப் பாசன நன்செயைக் கோயிலுக்கு விட்ட செய்தி இருக்கிறது. இன்று அந்த மூன்று ஊர்களும் பெங்களூரு மாநகருக்குள் அடக்கம். அகராவை ஒட்டிய நிலத்தைப் பற்றித்தான் பின்னாளில் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது.

இந்தக் கல்வெட்டுகளில் கரையிலிருந்து இத்தனை கோல் தள்ளி வீடு கட்டு என்ற விதியைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஏரியைச் சுற்றியிருந்த ஒவ்வொரு கைப்பிடி மண்ணுக்கும் ஒரு வேலை இருந்தது. கரைக்குக் கீழே ஆயக்கட்டு நிலம், நெல். கரையின் ஓரத்தில் மதகு. அதைத் திறந்து மூடிப் பங்கிட்டுக் கொடுக்க நீர்கண்டி என்ற ஊர் ஊழியர். தமிழகத்தில் நீராணிக்கர், மடைக்குடும்பர் என்று வெவ்வேறு பெயரில் அறியப்பட்டவர்களின் அதே பணி. கரைக்கு எதிர்ப்புறம், நீர் உள்ளே நுழைகிற மேட்டுப் பகுதிதான் முக்கியம். அங்கே ஏரி தட்டு போல அகன்று, ஆழமின்றிப் பரந்து கிடக்கும். மழைக்காலத்தில் அது நீருக்குள், கோடையில் வெளியே. நீர் வடிந்ததும் புல் முளைக்கும், மாடு மேயும். குயவருக்கும் செங்கல் அறுப்பவருக்கும் மண் எடுக்கும் இடம் அது. வண்டலை அள்ளி வயலுக்குப் போடும் வழக்கமும் இருந்தது. ஆண்டில் சில மாதம் தண்ணீர், சில மாதம் தரை என்றிருந்த அந்த நிலத்தில் யாரும் வீடு கட்டத் துணிய மாட்டார்கள். கட்டினால் ஆவணியில் மூழ்கிப்போகும் என்று ஊருக்கே தெரியும்.

ஏரியை நம்பிப் பிழைத்தவர்களின் பார்வையே அதற்குக் காவலாக இருந்தது. அவர்களில் ஒரு சாரார் திகளர். தமிழகத்திலிருந்து பெங்களூரில் குடியேறியதாகத் தங்கள் மரபைச் சொல்லும் இந்தத் தோட்டக்காரச் சமூகத்தினர், ஏரி நீரை நம்பிக் காய்கறியும் பூவும் பழமும் விளைவித்து நகருக்குக் கொடுத்தவர்கள். சித்திரை மாதத்துக் கரக உற்சவம் அவர்களுடையது. உற்சவத்தின் முக்கியச் சடங்குகளில் ஒன்று சம்பங்கி ஏரியில் நடக்கும். ஏரி போய்விட்டது. அதன் பெரும்பகுதியில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. மிச்சமிருக்கும் சின்னஞ்சிறு குளத்தில் சடங்கு இன்றும் தொடர்கிறது.

சம்பங்கி ஏரி மறைந்த விதத்தை ஹரிணி நாகேந்திரா, ஹிதா உன்னிகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் துருவி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சித்திரம் மனதை உறுத்துகிறது. ஏரி ஒரு பக்கம் மைசூர் அரசின் பழைய பேட்டைக்கும், மறுபக்கம் ஆங்கிலேயர் கண்டோன்மெண்டுக்கும் நடுவே இருந்தது. தோட்டக்காரர்களுக்கு அது நிரம்பியிருக்க வேண்டும். கண்டோன்மெண்டுக்கு அதன் கரை அழகான திறந்தவெளியாக, விளையாட்டுத் திடலாக இருந்தால் போதும். செங்கல் அறுக்கத் தடை வந்தது, விவசாயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஏரியோடு பிழைப்பால் பிணைந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்கள் விலகியபின் ஏரிக்காகப் பேச ஆளில்லை.

குழாய்நீரும் இதற்குத் துணைபோனது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து நகருக்குக் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், 1974இல் காவிரி. குடிநீர் தொலைவிலிருந்து வர வர, வாசலில் இருந்த ஏரி வெற்றுப் பள்ளமாகவும் கொசு வளரும் இடமாகவும் தெரியத் தொடங்கியது. மலேரியா ஒழிப்பின் பெயரில் கரைகள் உடைக்கப்பட்டன. உடைத்த ஏரி, அரசுக்குச் செலவில்லாமல் கிடைத்த காலிமனை ஆயிற்று.

பட்டியல் நீளமானது. தர்மாம்புதி ஏரியின் மேல்தான் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கும் லட்சக்கணக்கானோர் ஒரு ஏரியின் அடியில் கால் வைக்கிறார்கள். சித்திக்கட்டே கே.ஆர். மார்க்கெட் ஆனது. சூளை ஏரி கால்பந்து மைதானம், அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானம், செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். தோம்லூர் ஏரியில் வீட்டுமனைகள். கோரமங்களா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் குடியிருப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தது தனியார் அல்ல. அரசும் அதன் வாரியங்களும்தான். இதை மறந்துவிட்டு ஏரி ஆக்கிரமிப்பைப் பேசினால் கதை பாதிதான்.

1980களின் நடுவில் விழிப்பு வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி என். லட்சுமண ராவ் தலைமையில் கர்நாடக அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கை நகரப் பகுதியில் 127 ஏரிகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் உயிரோடிருந்தவை 81. எஞ்சிய 46 ஏற்கெனவே பயன்பாட்டிலிருந்து போனவை. சுற்றியிருந்த பசுமை வளையத்தில் இன்னும் 262. இனி எந்த ஏரியையும் உடைக்கக் கூடாது, மனைப்பிரிவாக மாற்றக் கூடாது, கழிவுநீரை விடக் கூடாது, கரையைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. 1988இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெங்களூரு ஏரிகளின் மீது பிற்காலத்தில் நடந்த ஒவ்வொரு வழக்கிலும் இந்த அறிக்கை சாட்சியாக வந்து நிற்கிறது. ஏரிப் பாதுகாப்பை ஆசையிலிருந்து அரசாணைக்குக் கொண்டுவந்தவர் லட்சுமண ராவ். நகரம் அவருக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது.

ஆனாலும் கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்ற விதி நகரம் முழுவதற்கும் அழுத்தமாக எழுதப்பட்டது 2007இல் அறிவிக்கப்பட்ட மாஸ்டர் பிளானில்தான். ஏரிக்கு 30 மீட்டர். வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏரியின் எல்லை என்று எது குறிக்கப்பட்டிருக்கிறதோ, அங்கிருந்து அளக்க வேண்டும். ராஜகாலுவைகளுக்கு 50, 25, 15 மீட்டர். அதுவும் கால்வாயின் நட்டநடுவிலிருந்து அளக்க வேண்டும். இன்னொரு சலுகையும் இருந்தது. மனைப்பிரிவு போடுபவர் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டிய இடத்தின் கணக்கில் இந்த 30 மீட்டரையும் காட்டிக்கொள்ளலாம்.

கால்வாயின் நடுவிலிருந்து என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 20 மீட்டர் அகலமுள்ள ஒரு மூன்றாம் நிலைக் கால்வாயை எடுத்துக்கொண்டால், நடுவிலிருந்து 15 மீட்டரில் 10 மீட்டர் கால்வாய்க்குள்ளேயே போய்விடும். கரையில் மிஞ்சுவது 5 மீட்டர். 2016இல் தீர்ப்பாயம் எண்ணைக் கூட்டியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அளக்கும் இடத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தியதும் அதே அளவு பெரிய மாற்றம்.

அந்த வழக்கு எழுந்த இடம் அகரா ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் நடுவே உள்ள சதுப்புநிலம். அகராவின் வழிசல் பெல்லந்தூருக்கு இறங்கும் பாதை அது. கர்நாடக தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் வழியே அந்த நிலம் பெரும் வணிக வளாகத் திட்டங்களுக்குப் போனது. ஃபார்வர்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வேறு குடிமக்கள் அமைப்புகளோடு சேர்ந்து 2014இல் தீர்ப்பாயத்தை அணுகியது. 2015 மே மாதம் தீர்ப்பாயம் கட்டுமான நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் 5 சதவீதம் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு வந்த இறுதி உத்தரவில்தான் நகரம் முழுவதற்குமான 75 மீட்டர் விதியும் இடம்பெற்றது.

வழக்கு நடந்த அதே காலத்தில் பெல்லந்தூர் தானாகவே செய்தியில் வந்து நின்றது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள, பெங்களூரின் மிகப் பெரிய ஏரி அது. நகரின் கழிவுநீரில் பெரும்பங்கு அதில் இறங்கியது. 2015 மே மாதம் ஏரியின் நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியில் மறுபடி புகை எழுந்தது. 2018 ஜனவரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவத்தினர் இறங்க வேண்டியிருந்தது. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது மலைபோல நுரை எழும் படங்களைத் தமிழ் நாளிதழ் வாசகர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரு ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாசன விவசாயிக்கும் சொந்த விஷயம்.

75 மீட்டரை எதிர்த்தவர்கள் எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. முறையாக அனுமதி வாங்கி, வங்கிக் கடன் வாங்கி, பாதி கட்டிய கட்டடங்கள் ஒரே உத்தரவில் விதிமீறல் ஆகிவிட்டன. வீடு பதிவு செய்தவர்கள் நடுவில் தவித்தார்கள். சிறு மனைக்காரரின் நிலை இன்னும் மோசம். 30க்கு 40 அடி மனை ஒன்று கால்வாயிலிருந்து 25 மீட்டருக்குள் வந்துவிட்டால் முழு மனையும் போயிற்று. பெரிய நிறுவனமோ தன் நிலத்தின் ஓர் ஓரத்தைப் பூங்காவாக விட்டுவிட்டு மீதியில் கட்டிக்கொள்ளும். 2015 ஏப்ரலில் சாரக்கி ஏரியில் ஆக்கிரமிப்பு அகற்றிய நாட்களை நகரம் மறக்கவில்லை. இடிபட்ட வீட்டுக்காரர்கள் பத்திரம், வரி ரசீது, மின் இணைப்புச் சீட்டு என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அலுவலகம் பதிவு செய்து கொடுத்ததை இன்னொரு அலுவலகம் இடித்தது.

இந்த நியாயம் உண்மையானது. ஆனால் அதற்கான பதில் இடைவெளியைச் சுருக்குவதில் இல்லை. ஏரி எல்லையை முன்கூட்டியே அளந்து, கல் நட்டு, பதிவாளர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்திருந்தால் சாரக்கியில் யாரும் பணத்தை இழந்திருக்க மாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் கே.பி. கோலிவாட் தலைமையிலான குழு ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி அளித்த அறிக்கையில் அரசு அமைப்புகளே ஆக்கிரமிப்பாளர் வரிசையில் இருந்தன. வீட்டுக்காரர் ஏமாந்தது அந்தக் குழப்பத்தால்தான்.

உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது சட்ட நுணுக்கம். மாஸ்டர் பிளானின் விதிகள், மாநிலத்தின் 1961ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் உருவானவை. அவற்றுக்குச் சட்ட வலு உண்டு. அவற்றைத் திருத்தி எழுதும் அதிகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஏரிக்கு 30 மீட்டர் போதுமா என்ற அறிவியல் கேள்வியை நீதிமன்றம் முடித்துவைக்கவில்லை. அது முடித்துவைத்ததாகவே பின்னர் பலரும் பேசினார்கள்.

சரி, எவ்வளவு போதும்? ஏரியின் அமைப்பைப் பார்த்தால் ஒரே எண்ணால் பதில் சொல்வதே கடினம். கரை உள்ள பக்கம் மண்மேடு உயர்ந்து நிற்கிறது. அங்கே நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினாலும் விளிம்பு சில அடிதான் நகரும். எதிர்ப்பக்கம், நீர் நுழையும் மேட்டுப் பகுதியில் சரிவு மிகக் குறைவு. 200 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவு இருந்தால், நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறும்போது விளிம்பு 200 மீட்டர் உள்ளே வந்துவிடும். அங்கே 30 என்பதும் 75 என்பதும் இரண்டுமே போதாது. மாடு மேய்ந்த, மண் வெட்டிய அந்தப் பழைய நிலம்தான் அது. கழிவை வடிகட்டும் கோரையும் நாணலும் வளர்வது, மீன் குஞ்சு பொரிப்பது, நீர்ப்பறவை கூடு கட்டுவது எல்லாம் அங்கேதான். மனை விலை அதிகம் கேட்கப்படுவதும் அங்கேதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. சுமார் 15,000 ஏரிகள் உள்ள மாநிலம் அது. 1960களின் நடுவில் வந்த நீர்வளச் சட்டத்தைத் தொடர்ந்து, ஏரியிலிருந்து 75 அடி தள்ளித்தான் கட்டடம் என்ற விதி அங்கே பரவியது. எங்கிருந்து 75 அடி என்பதற்கு அங்கே ஆவணக் கோட்டைக் கேட்பதில்லை. நீர் தொடர்ந்து வந்துபோனதால் தரையில் விட்ட தடம், அரித்த மண், நிலச்செடி வளராத எல்லை, இவற்றை நேரில் பார்த்துக் குறிக்கிறார்கள். 1914இலேயே அந்த மாநில நீதிமன்றம் வகுத்த வரையறை அது. நோக்கிபே ஏரிக்கரையில் அனுமதியின்றிச் சதுப்பை மணல் கொட்டி மேடாக்கிய நில உரிமையாளர் தொடுத்த வழக்கில், நிலத்தின் இயற்கைத் தன்மையையே மாற்றும் வரம்பற்ற உரிமை யாருக்கும் இல்லை என்று 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கேயும் சண்டை ஓயவில்லை. மாநில விதியைவிடக் கடுமையான விதியை மாவட்டங்கள் போடக் கூடாது என்று 2015இல் சட்டம் வந்தது. ஆனாலும் அளக்கத் தொடங்கும் இடத்தை நீரே சொல்கிறது என்ற கொள்கை அங்கே உறுதியாக நிற்கிறது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சதுப்புநில விதிகளிலும் அதே அறிவு இருக்கிறது. கடந்த பத்தாண்டில் காணப்பட்ட சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டுமானம் கூடாது என்கின்றன அவை. ஆனால் குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதர் வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிகளின் வரையறைக்கு வெளியே விடப்பட்டுவிட்டன. பெங்களூரின் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே பாசனத்துக்கு வெட்டியவை. தமிழகத்தின் ஏரிகளும் அப்படியே. தென்னிந்தியாவில் ஏரி என்றாலே பெரும்பாலும் மனிதர் கட்டியது என்பதை அறியாதவர் கைப்பட்ட வரையறை போலத் தோன்றுகிறது அது. திருத்தியே ஆக வேண்டியது.

இதனால் பெங்களூரு வருவாய்த் துறையின் கோட்டையே நம்பியிருக்கிறது. அந்தக் கிராம வரைபடங்களின் வேர் 19ஆம் நூற்றாண்டு மைசூர் நிலஅளவையில் இருக்கிறது. ஏரி, கரை, கால்வாய் எல்லாம் பொதுநிலமாக, பி கராபு என்று அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். மதிப்புமிக்க ஆவணங்கள் அவை. அவை இல்லாவிட்டால் இன்று எந்த ஏரிக்கும் எல்லை கிடையாது. ஆனால் அந்தக் கோடுகள் வரையப்பட்டபோது ஏரியைச் சுற்றி வயலும் தோப்பும் இருந்தன. பெய்த மழையில் நிறைய மண்ணுக்குள் இறங்கியது. இன்று மேட்டில் சிமெண்ட்டும் தாரும். அதே மழைக்கு அதிக நீர், அதிக வேகத்தில் வருகிறது. பழைய கோட்டைத் தாண்டி நீர் போவதில் வியப்பில்லை.

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் அது போய்க் காட்டியது. அவுட்டர் ரிங் ரோட்டின் மென்பொருள் வளாகங்கள், சர்ஜாபுரா சாலை, எமலூர், பெல்லந்தூர் எல்லாம் நீருக்குள் போயின. கோடிக்கணக்கில் விலைபோகும் தனிவீடுகளிலிருந்து டிராக்டரிலும் படகிலும் மக்களை மீட்டார்கள். நீர் தேங்கிய இடங்களை ஏரி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பழைய ராஜகாலுவைகளும், நீர் நுழையும் மேட்டுச் சதுப்புகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு மாநகராட்சி சில நாட்கள் ஆக்கிரமிப்புகளை இடித்தது, நீதிமன்றத் தடைகள் வந்தன, வேகம் தணிந்தது.

மக்கள் கையில் விட்ட ஏரிகள் சில நன்றாகவே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சர்ஜாபுரா சாலைக்கு அருகே கைக்கொண்டரஹள்ளி ஏரியை மீட்டதில் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தெற்கே புட்டேனஹள்ளி ஏரியை ஒரு குடிமக்கள் அறக்கட்டளை பராமரிக்கிறது. ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் ஒரு சதுப்பு வழியே வடிந்து ஏரிக்குள் போகிறது. அந்தச் சதுப்புக்கு இடம் இருந்ததால்தான் அது முடிந்தது. கரையோரத்து இடம் வெறும் பச்சைப் போர்வை அல்ல, வேலை செய்கிற நிலம் என்பதற்கு ஜக்கூரைவிட நல்ல சான்று பெங்களூரில் இல்லை.

2025 திருத்த மசோதாவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1 முதல் 10 ஏக்கர் வரையுள்ள ஏரிக்கு 6 மீட்டர், 25 ஏக்கர் வரை 12, 100 ஏக்கர் வரை 24. சாலை, பாலம், குடிநீர்க் குழாய், மின்கம்பி போன்ற பொதுப் பயன்பாடுகளை அந்த இடைவெளிக்குள் அனுமதிக்கவும் அது வழி செய்கிறது. சிறிய குட்டைக்கும் பெல்லந்தூருக்கும் ஒரே 30 மீட்டர் கேட்பது நியாயமில்லை என்பது மசோதாவின் தர்க்கம். மாநிலம் முழுக்கப் பல்லாயிரம் சிறு ஏரிகள் இருப்பதால், கிராமத்தில் ஒரு குட்டையைச் சுற்றி 30 மீட்டர் விடுவது சிரமம் என்பதும் புரிகிற வாதமே.

ஏரி பெரிதா சிறிதா என்று பார்த்த மசோதா, அது தொடரில் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கும் ஏரிகள் சிறியவை. கீழே போகப் போகத்தான் பெரிதாகின்றன. மேட்டில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் ஏரிகள் மழையின் முதல் வேகத்தை வாங்கி நிறுத்தி, வண்டலைப் படியவைத்து, தெளிந்த நீரைத்தான் கீழே அனுப்ப வேண்டும். அவற்றைச் சுற்றி 6 மீட்டர் விட்டுவிட்டு, கடைசியில் நிற்கும் பெல்லந்தூருக்கு 30 மீட்டர் கொடுத்தால், மேட்டில் நிற்க முடியாத நீரும் சேறும் சாக்கடையும் சேர்ந்து அந்த 30 மீட்டரின் மேல்தான் வந்து இறங்கும். 2022இல் மூழ்கிய தெருக்களில் பல அந்த இறக்கத்தில்தான் இருக்கின்றன.

இனி திருத்தம் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது கடினமானது, ஆனால் தெளிவானது. ஒவ்வொரு ஏரிக்கும் உபரிநீர் வழியும் கலங்கலின் மட்டத்தை அளந்து, அந்த மட்டத்துக்கு நீர் நிற்கும்போது விளிம்பு எங்கே வரும் என்று நான்கு பக்கமும் கல் நட வேண்டும். நீர் நுழையும் பக்கத்துக்கு அதிகமாகவும் கரைப் பக்கத்துக்குக் குறைவாகவும் இடைவெளி வகுக்கலாம். ராஜகாலுவையை ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதியோடு கட்டி மாட்டிக்கொண்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்த அலுவலகமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். கலங்கல் மட்டத்தை அளக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கல்லால் கட்டிய பழைய கலங்கல்கள் பல ஏரிகளில் இன்னும் நிற்கின்றன. நிரம்பினால் நீர் எந்த உயரத்தில் வழியும் என்பதை அவற்றைக் கட்டியவர்கள் குறித்துவிட்டே போயிருக்கிறார்கள்.